பம்பர் கட்டிய சிக்கனம்

பொன்னமராவதியில் ஒருவர் ஹைபிரிட் கார் வாங்கினால், அது ஹைபிரிட் காராக இருப்பது மிஞ்சிப்போனால் ஒரு வாரம். கொன்னையூர் முத்துமாரியம்மன் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிற வரைக்கும் அது கம்பெனி செய்த வண்டி. மறுவாரம் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் அலங்காரக் கடையில் விட்டுத் திரும்பி வரும்போது அது அண்ணன் வண்டி.

எந்த அண்ணன் என்று கேட்டு என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள். ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கொஞ்சம் மனை வியாபாரம், கொஞ்சம் காண்ட்ராக்ட், கொஞ்சம் வட்டி, நிறையக் கட்சி. உங்கள் ஊரிலும் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகையில் ‘முன்னிலை’ என்ற இடத்தில் பெயர் போட்டிருக்கும், பாருங்கள்.

தமிழ்நாட்டில் இன்னோவாவுக்குப் பதவிக்குரிய மரியாதை உண்டு. 2005-இல் குவாலிஸ் இருந்த இடத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் வட்டச் செயலாளரிலிருந்து அமைச்சர் வரை எல்லாருடைய கனவிலும் புகுந்துகொண்டது. 2012-இல் கட்சி மாறி வந்த நாஞ்சில் சம்பத்துக்கு அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா ஓர் இன்னோவா கொடுத்தார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவருடைய மேடைப் பேச்சைவிட அந்தக் கார்தான் அதிகம் பேசப்பட்டது. அந்த வரிசையில் 2022 கடைசியில் வந்ததுதான் அண்ணன் வாங்கிய ஹைகிராஸ். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும். கடைவீதிக்குள் ஊர்ந்து போகும்போது எஞ்சின் அணைந்து மோட்டார் மட்டும் ஓடும். பிரேக்கை மிதித்தால் வீணாகப் போகிற வேகம் மின்சாரமாக மாறிப் பேட்டரிக்குத் திரும்பும். சோதனைக் கணக்கில் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். ஒரு குடும்பமே ஏறி உட்காருகிற வண்டிக்கு இது சாதாரண எண் இல்லை. எடையைப் பார்த்துப் பார்த்துக் குறைத்து, காற்று எங்கே மோதுகிறது எங்கே வழுக்குகிறது என்று கணக்குப் போட்டு, டயரின் ரப்பரைக்கூட உரசல் குறையும்படி தேர்ந்தெடுத்து, எத்தனையோ எஞ்சினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதன் பலன் அது. அவ்வளவு பேருடைய உழைப்பையும் ஒரே மத்தியானத்தில் தோற்கடித்துவிடுகிறான் அலங்காரக் கடைப் பையன், கையில் ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு.

விலை ஏறக்குறைய 30 லட்சம். 2025 செப்டம்பர் வரை இதற்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதம், இப்போது 40. அதற்கு மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி. 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம். மின்சாரக் காருக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., பாதி மின்சாரத்தில் ஓடுகிற காருக்கு 40 என்பது என்ன நியாயம் என்று அண்ணன் டீக்கடையில் கேட்டார். நல்ல கேள்விதான். ஒரு மாதம் அழுதார். ‘கவர்மென்ட்டு நம்ம ரத்தத்த உறிஞ்சுதப்பு’ என்றார். அந்த அழுகை ஈரம் காய்வதற்குள் அலங்காரக் கடைக்காரர் ‘பில்லு போட்டா ஜி.எஸ்.டி. சேரும்ணே’ என்றதும் ‘பில்லு என்ன மயித்துக்கு’ என்று ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார். அரசாங்கம் கேட்டால் ரத்தம். கடைக்காரன் கேட்டால் கௌரவம்.

அலங்காரம் முகத்தில் தொடங்கும். முதலில் இரும்புப் பம்பர். ஆஸ்திரேலியாவில் கங்காரு குறுக்கே பாயும் என்று பயந்து வண்டிக்கு முன்னால் குழாய் கட்டினார்கள். பொன்னமராவதியில் குறுக்கே வருவது ஆடு. ஆட்டுக்காரர் அண்ணனைவிட விவரமானவர், கார் வருவதைப் பார்த்து அவரே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மோதலில் காரின் மூக்கு நசுங்க வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். மூக்கு நசுங்குகிற அந்தக் கண்ணிமைப்பில்தான் ஏர்பேக் விரிய வேண்டுமா என்று சென்சார் முடிவெடுக்கிறது. இரும்பைக் கொண்டுபோய்ச் சட்டத்தில் முடுக்கிவிட்டால் அடி நேராக உள்ளே போகும், சென்சார் குழம்பும், உள்ளே இருக்கிற அண்ணி ஸ்டியரிங்கிலோ டேஷ்போர்டிலோ போய் மோதுவார். வெளியே இருக்கிறவர் கதையைக் கேட்க வேண்டியதே இல்லை. பிளாஸ்டிக்கில் மோதிக் கால் ஒடிந்து பிழைத்திருக்க வேண்டிய கிழவர், இரும்பில் மோதினால் பிழைக்க மாட்டார்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இந்தப் பம்பர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பம்பரை அகற்று, கட்சிக்கொடியை அகற்று, தலைவர் படத்தை அகற்று என்று சொன்னது. அகற்றினார்கள். அகற்றிய பம்பர் பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். தேர்தல் வந்தது, பம்பரும் வந்தது.

விலை கூடிய மாடலில் முன்னால் போகிற வண்டியைக் கவனித்துத் தானே பிரேக் போடுகிற வசதி உண்டு. அதற்கு ஒரு ரேடார், இந்த வகைக் கார்கள் பலவற்றில் கம்பெனி முத்திரைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும். அண்ணன் அந்த முத்திரைக்கு நேர் எதிரே இரும்புக் குழாயைக் கட்டி, குழாயில் திருஷ்டிப் பொம்மையைத் தொங்கவிட்டு, ஆயுத பூசைக்குப் போட்ட சாமந்தி மாலையைக் கார்த்திகை வரை கழற்றாமல் வைத்திருக்கிறார். ஆறு லட்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் கொடுப்பார், ஆறு நாள் வாடிய பூவைக் கழற்ற மாட்டார். சாமி காரியம்.

முகத்தில் இன்னொரு வேலையும் உண்டு. லெக்சஸ் என்று டொயோட்டாவே நடத்துகிற சொகுசு வரிசை ஒன்று இருக்கிறது. அதில் எல்.எம். என்ற வண்டி 2024-இல் இந்தியாவுக்கு வந்தபோதே விலை 2 கோடியில் தொடங்கியது. அதுவும் ஹைபிரிட்தான். அந்த மூஞ்சியை பிளாஸ்டிக்கில் வார்த்து இன்னோவாவுக்கு ஒட்டித் தருகிற கடைகள் இப்போது ஏகமாக முளைத்திருக்கின்றன. ஒட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் ஊரில் யாருக்கும் லெக்சஸ் என்றால் என்னவென்று தெரியாது. என்னண்ணே மூஞ்சி ஒருமாதிரி இருக்கு, எங்கயும் இடிச்சிட்டீங்களா என்று கேட்கிறார்கள்.

கண்ணாடிக்கு வருவோம். 2012 ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு பிலிம் ஒட்டவே கூடாது என்றது. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் அந்த அளவுக்குள் இருக்கிற பிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்று கொஞ்சம் இளக்கியது. அண்ணனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை. அவர் கண்ணாடியில் வெளிச்சம் பூஜ்யம். ஜன்னலை இறக்கினால்தான் உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியும். இப்படி ஊருக்குத் தன் முகத்தை மறைத்துக்கொண்டவர், தன் முகத்தையே ஆளுயர ஃபிளெக்ஸில் அச்சடித்து பஸ் ஸ்டாண்டில் கட்டியிருக்கிறார் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓசை விஷயம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புவது. மோட்டாரில் ஊர்கிற கார் சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும். நடந்து போகிறவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் ஆபத்து என்று ஐரோப்பாவில் 2019 முதல் புதிய மாடல்களுக்கு மெல்லிய செயற்கை ஓசை ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். அண்ணன் இந்தப் பிரச்சினைக்குத் தன் பாணியில் தீர்வு கண்டார். லாரிக்கு வைக்கிற ஏர் ஹாரன். பல சுரத்தில் ஒலிக்கிற ஹாரன் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 119-ஆம் விதியே சொல்கிறது. அது கிடக்கட்டும். பங்குனியில் பூச்சொரிதலுக்கு ராத்திரி முழுக்கப் பூத்தட்டோடு ஜனங்கள் கொன்னையூருக்கு நடந்து போகிற ரோட்டில், கைப்பிள்ளையைத் தோளில் தூங்கவைத்துக்கொண்டு ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் ஓசையில்லாத வண்டி. பத்தடி தூரத்தில் வந்ததும் ‘பாம்… பீம்… பாம்’. பிள்ளை வீறிட்டது, தட்டு கவிழ்ந்தது, பூ ரோட்டில். கண்ணாடி இறங்கவே இல்லை. உள்ளே ஏ.சி. ஓடுகிறது, வேட்டி கசங்காமல் இருக்க வேண்டுமே.

விளக்கு அதற்குத் தோழன். கம்பெனி வைத்த எல்.இ.டி. போதாமல் பம்பருக்கு மேலே ஒரு பட்டை, கீழே இரண்டு போகஸ். எதிரே மங்கிய ஒற்றை விளக்கோடு டி.வி.எஸ். 50-இல் வருகிறவர் கண் இருண்டு ரோட்டோரப் பள்ளத்தில் இறங்குகிறார். அண்ணனுக்கு ரோடு நன்றாகத் தெரிகிறது.

பிறகு நடை. வண்டி கொஞ்சம் தாழ்வாக இருக்கிறதாம், ‘கெத்து’ இல்லையாம். சுருள் ஸ்பிரிங்கின் இடுக்கில் ரப்பர் பஃபரைச் சொருகி உயர்த்துகிறார்கள். கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் வெளியே பிதுங்குகிற அகல டயரும் பளபளக்கிற அலாய் வீலும் மாட்டுகிறார்கள். உயரம் கூடினால் வளைவில் சாய்வு கூடும். சக்கரத்தின் எடை கூடினால் மோட்டாருக்குச் சுமை கூடும். டயரின் சுற்றளவு மாறினால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். அண்ணன் முன்பு பெட்டியும் சட்டமும் தனித்தனியாக இருந்த பழைய இன்னோவா ஓட்டியவர். அதில் பின்சக்கரம் தள்ளும். இதில் உடம்பும் சட்டமும் ஒன்று, முன்சக்கரம் இழுக்கும். அதன் குணமே வேறு. ரப்பரைச் சொருகிய பையனிடம் இதைச் சொன்னால், ‘எத்தனையோ வண்டிக்குப் பண்ணிருக்கேண்ணே’ என்பான். உண்மைதான், பண்ணியிருக்கிறான். பண்ணிய வண்டிகள் அதற்கப்புறம் என்ன ஆயின என்பது அவன் தொழிலில் சேராது.

உள்ளே எல்லாம் மெத்தை. தடித்த ரெக்ஸின் உறை தைத்துச் சீட்டுக்குப் போட்டாயிற்று. சீட்டின் விலாவில் பக்க ஏர்பேக் ஒளிந்திருக்கிறது. விரிய வேண்டிய நேரத்தில் அது முதலில் தையலைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். ஹைபிரிட் பேட்டரி சூடாகாமல் இருக்க, சீட்டுக்கு அருகே காற்று இழுக்க ஒரு சல்லடை வைத்திருப்பார்கள். அதை மூடாதே என்று கையேட்டில் படம் போட்டே சொல்லியிருக்கிறார்கள். கையேடு பிளாஸ்டிக் உறை பிரியாமல் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. சல்லடையின் மேல் தரைமேட்டிங், மேட்டிங்கின் மேல் முறுக்குத் தூள். எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பேட்டரிக்குக் கொடுத்த உத்தரவாதம் இதையெல்லாம் பார்த்தால் என்ன சொல்லும் என்று அண்ணன் யோசிக்கவில்லை. மைலேஜ் பாதியாகக் குறைந்ததும் மட்டும், ‘ஜப்பான்காரன் ஏமாத்திட்டான்’ என்றார்.

பின்கண்ணாடியில் ஸ்டிக்கர். வழக்கறிஞர், ஊடகம், மனித உரிமை, மாவட்டப் பிரதிநிதி என்று நாலும் ஒரே கண்ணாடியில். 2017 மே 1-இல் அமைச்சர்களின் சுழல்விளக்கையே நாடு முழுக்கக் கழற்றிப் போட்டார்கள். அதிலிருந்து தப்பிய அதிகாரமெல்லாம் ஸ்டிக்கராக மாறி ஒட்டிக்கொண்டது. சென்னையில் 2024 மே மாதம் போக்குவரத்துப் போலீஸ் ஸ்டிக்கரைக் கிழிக்கக் கிளம்பியது. பொன்னமராவதி சென்னையிலிருந்து வெகுதூரம். ஸ்டிக்கர்களுக்கு நடுவே பெரிய எழுத்தில் ‘ஆண்ட பரம்பரை’. ஆர்.சி. புத்தகத்தில் வண்டி வங்கியிடம் அடமானம் என்று இருக்கிறது. ஆண்டவர்கள் தவணை கட்டுகிறார்கள்.

இந்தக் காரை நான் நேரில் பார்த்த ஒரு முகூர்த்த நாள் உண்டு. கல்யாண மண்டப வாசல். அண்ணன் தாம்பூலப் பையோடு வந்து ஏறினார், பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை. ஒன்றும் இல்லை. இந்த வண்டியில் பேட்டரி இரண்டு. காரை இழுப்பது பெரியது; ஆனால் அந்தப் பெரியதை எழுப்பிவிடுவது ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி. கூரையில் நட்சத்திர விளக்கு, பின்னால் ஆம்ப்ளிபையர், பம்பர் விளக்கு எல்லாவற்றையும் அந்தச் சின்னதன் தலையில் ஒயர் கிள்ளிக் கட்டியிருந்தார்கள். உள்ளே டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் அது உயிரை விட்டுவிட்டது. கூட இருந்த தம்பிகள் பத்துப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ‘தள்ளுடா’ என்று பாய்ந்தார்கள். தள்ளினால் உயிர் வருகிற வண்டி இல்லை இது. அம்பாசடரோடு அந்தப் பாக்கியம் போய்விட்டது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசியில் சவாரிக்கு நின்ற ஷேர் ஆட்டோக்காரர்தான் வந்தார். தன் ஆட்டோவின் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துக் கொடுத்தார். அண்ணன் வண்டியில் ‘ரெடி’ விளக்கு எரிந்தது. 30 லட்சத்தை எழுப்பிவிட்டு ஆட்டோக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கூடுதலாக ஒரு பலகை போட்டதற்காகப் போன மாதம்தான் அபராதம் கட்டியவர் அவர்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

52-ஆம் பிரிவு சொல்வது எளிமையானது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றம் இதை ஆணியடித்து உறுதி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவை மாற்றி எழுதினார்கள். அனுமதியில்லாமல் பாகங்களை மாற்றிப் பொருத்துகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். கேரளத்தில் 2021-இல் வேனை வீடு போல மாற்றிக்கொண்டு ஊர் சுற்றிய யூடியூப் சகோதரர்கள் இரண்டு பேருக்கு 40 ஆயிரத்துக்கு மேல் அபராதம் போட்டு வண்டியைப் பறிமுதல் செய்தார்கள். போக்குவரத்து அலுவலகத்தில் கூச்சல் போட்டதற்குக் கைதும் செய்தார்கள். அங்கே சட்டத்துக்குக் கண் தெரிகிறது. இங்கே சட்டத்துக்குப் பார்வை இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. கிட்டப்பார்வை. எட்டு அடி அகலத்துக்கு விளக்குப் போட்டு வருகிறது தெரியாது. சைக்கிள் கடை வாசலில் வெல்டிங் வைத்தது தெரியும்.

காரையூர் ரோட்டில் குடம் விற்கிறவரைப் பாருங்கள். டி.வி.எஸ். 50-இன் பின்பக்கம் எல்-ஆங்கிள் வைத்து வெல்டிங் அடித்த ஒரு கூண்டு. இரண்டு பக்கமும் கொக்கி. கொக்கியில் பிளாஸ்டிக் குடம், வாளி, முறம், சல்லடை, துடைப்பக்கட்டு. ஹேண்டில்பாரில் சின்ன ஒலிபெருக்கி. அதில் அவர் மனைவியின் குரல், பதிவு செய்தது. பின்னாலிருந்து பார்த்தால் ஆளும் தெரியாது வண்டியும் தெரியாது, கலர் கலராகக் குடங்கள் தாமே ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். இதுவும் 52-ஆம் பிரிவுக்கு விரோதம்தான், சந்தேகமே இல்லை. அந்தக் கூண்டு அவருடைய கடை, கிடங்கு, விளம்பரம், வங்கி எல்லாம். அவரை நிறுத்தித் துருவுகிற காக்கிச் சட்டை, பின்னால் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பம்பருக்குக் கையைத் தலை வரை தூக்கிச் சலாம் வைக்கிறது.

நடக்க இயலாத ஒருவர் சொந்தக் காசில் ஸ்கூட்டர் வாங்கிப் பக்கச் சக்கரம் பொருத்தினால் அதற்கு அனுமதி வாங்க வேண்டும், ஆய்வுக்குக் காட்ட வேண்டும், ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வேண்டியதுதான், பாதுகாப்பு முக்கியம். ஆனால் அதற்காக அவர் எத்தனை படி ஏறி இறங்குகிறார், எத்தனை முறை ‘சார் இல்ல, வெள்ளிக்கிழமை வாங்க’ கேட்கிறார் என்று ஒரு நாள் எந்த வட்டார அலுவலக வாசலிலாவது நின்று பாருங்கள். படி ஏற முடியாதவரைப் படியேற வைக்கிறவர்கள், பம்பருக்கு ஒரு காகிதமும் கேட்பதில்லை.

வண்டியைத் தனக்கேற்றபடி மாற்றிக்கொள்வது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை என்பதுதான் வேடிக்கை. 1991, 92-இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஊர் ஊராகப் போக வண்டி வேண்டும், அதனால் சைக்கிள். கல்லுடைக்கிற பெண், அங்கன்வாடிப் பெண், வயல் வேலைக்குப் போகிறவள் எல்லாரும் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அந்தப் பாரே வசதியாகிப் போனது. அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம். முன்னால் பாரில் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடமோ அறுத்த புல்லோ. பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து அசந்துபோய் எழுதினார். அந்தப் பெண்கள் ஒரு சைக்கிளின் தோற்றத்தையும் நடையையும் மாற்றியதில், இரண்டு பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த ஒரு காலைப் பொழுது அவர்கள் கைக்கு வந்தது. ரோட்டில் கேலி பேசிய ஆண்கள் அன்றைக்கும் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிலர்தான் இன்று ஏர் ஹாரன் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

அண்ணனை மட்டும் திட்டிவிட்டு அரசாங்கத்தை விட்டால் எனக்குப் பாவம் சேரும். அலங்காரத்தில் அது அண்ணனுக்கே அண்ணன். 2021 மே மாதம் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அருமையான திட்டம். கூலிக்குப் போகிற பெண்ணின் முந்தானை முடிச்சில் அந்தப் பணம் நிற்பதை இந்த ஊரிலேயே பார்க்கலாம். ஆனால் எது இலவச பஸ் என்று அடையாளம் தெரிய வேண்டுமாம். 2022 ஆகஸ்டில் சென்னையில் அந்த பஸ்களுக்கு முகத்திலும் முதுகிலும் மட்டும் பிங்க் பெயிண்ட் அடித்தார்கள். விலா அப்படியே பழைய நிறம். அண்ணன் லெக்சஸ் மூஞ்சி ஒட்டியதும் இதே பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்.

பெயிண்டுக்கு அடியில் என்ன இருந்தது? 2024 பிப்ரவரியில் சென்னையில் ஓடுகிற பஸ்ஸின் தரைப்பலகை உடைந்து பெண் பயணி ஒருவர் ஓட்டைக்குள் இறங்கிவிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் நம் பக்கத்துத் திருச்சியில், ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகர் போன பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கண்டக்டர் சீட்டு திரும்பவில்லை. அது கழன்று, கண்டக்டரையும் சேர்த்துக்கொண்டு, கதவு வழியே ரோட்டுக்குப் போய்விட்டது. சீட்டு தனியாக, வண்டி தனியாக இயங்குகிற இந்தத் தொழில்நுட்பம் ஜப்பானில்கூட இல்லை. அதற்குப் பிறகு எல்லா பஸ்களையும் 48 மணி நேரத்தில் சோதிக்க உத்தரவு போட்டார்கள். இத்தனை வருஷம் எத்தனை மணி நேரம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பொன்னமராவதிக்கு ரயில் கிடையாது. புதுக்கோட்டைக்கோ காரைக்குடிக்கோ போனால்தான் தண்டவாளத்தைப் பார்க்கலாம். ஆக, இந்தத் தாலுகாவில் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் கோர்ட்டுக்கும் ஜனங்கள் போவது அந்த பஸ்ஸில்தான். மழைக்காலத்தில் உள்ளே குடை பிடித்துக்கொண்டு போகிறார்கள். பள்ளி விடுகிற நேரத்தில் படியில் தொங்குகிற பையன்களின் புத்தகப்பையை, உட்கார இடம் கிடைத்த பாட்டி மடியில் அடுக்கி வைத்துக்கொள்கிறாள். பஸ்ஸுக்கு வழிவிடாமல் நடுரோட்டில் அண்ணனின் ஹைகிராஸ். வழி கேட்டு பஸ் டிரைவர் அடிக்கிற ஹாரன் கம்மிப்போன குரலில் வருகிறது. அண்ணனின் ஹாரன் எட்டு ஊருக்குக் கேட்கும்.

நட்டு வாங்கக் காசில்லை, போக்குவரத்துக் கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன என்று எல்லா ஆட்சியும் சொல்கிறது. வருமானத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முகூர்த்த நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் எங்கள் ஊருக்கு வரட்டும். ரோடு ரோடாக அலைய வேண்டாம்; ஏதாவது ஒரு கல்யாண மண்டப வாசலில் காலை ஏழரைக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், வண்டிகள் தாமே வரிசையில் வந்து நிற்கும். பம்பர், ஹாரன், விளக்குப் பட்டை, டயர், ஸ்பிரிங் ரப்பர் என்று ஒரு வண்டிக்கு ஐந்து மாற்றம். ஒவ்வொன்றுக்கும் 5,000 போட்டால் 25,000. கறுப்பு பிலிமுக்கும் 8055 என்பதை ‘பாஸ்’ என்று படிக்கும்படி எழுதிய நம்பர் பிளேட்டுக்கும் அபராதம் தனி. இருபது வண்டிக்குப் போட்டால் ஒரு முகூர்த்தத்தில் ஐந்து லட்சம். அதில் இந்தத் தாலுகாவில் ஓடுகிற அத்தனை டவுன் பஸ்ஸிலும் சீட்டை முடுக்கிவிடலாம், மிச்சத்துக்கு ஹாரனும் மாற்றலாம். பந்தியில் சாப்பாடும் நன்றாக இருக்கும்.

வருகிற இன்ஸ்பெக்டர் தன் ஜீப்பின் பம்பரை மட்டும் முதல் நாளே கழற்றி வைத்துவிட்டு வரட்டும்.